ஹாதியா ஜப்பானியத்தில் எழுதிய பத்து வரி

மாமல்லபுரம்,
10.11.2025, திங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும்.

மகன் உவைஸுக்கு அம்மா ராபியா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் ஹனியாவும் அவள் வயிற்றில் வளரும் பிள்ளையும் அல்லாஹ்வின் காவலில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கோபமாக இருக்கும் வேளையிலும் கேட்கிறேன், அதில் குறை வைக்கவில்லை. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் நிறுத்திக்கொள்கிறேன். நீ நகோயாவுக்குப் போன இந்த நான்கு வருடமும் போனிலேயே பேசிவிட்டு இப்போது ஏன் இவள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடலாம், உன் அத்தாவும் போடலாம். வாட்ஸப்பில் எழுதினால் அது எந்தக் கணக்குக்குள் புகுந்து யார் கையில் போய் நிற்கும் என்று எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. தாள் என்றால் ஒட்டுபவள் நான், பிரிப்பவன் நீ. ஹனியாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம், ஆனால் முழுக்கப் படித்து முடிக்காமல் எனக்கு போன் போடாதே, எடுக்க மாட்டேன்.

முதலில் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சொல்கிறேன், அதில் என் பிழையும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு உன்னைத் திட்ட எனக்கு வாய் வராது. நீ செப்டம்பரில் ஆர்டர் போட்ட பெட்டி வந்து இறங்கியதும் உன் தங்கை ஹாதியா பிஸ்மி சொல்லித்தான் பிரித்தாள். ஜப்பானிய எழுத்து அடிப்பதற்கு அதில் தனியாக ஏதோ சேர்க்க வேண்டும் என்று, செங்கல்பட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குமாரிடம் எடுத்துக்கொண்டு போனோம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை, பெட்டியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு நின்றபடியே போனேன். குமார் அதுவரை ஜப்பானியம் போட்டதில்லை. எழுத்தை மட்டும் சேர்ப்பதற்குப் பதிலாக கம்ப்யூட்டரையே ஜப்பானியமாக மாற்றி அணைத்துப் போட்டுவிட்டான். திரும்ப எழுந்தபோது திரை முழுக்க அவர்கள் எழுத்துதான், எங்கே தொட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கே தெரியவில்லை, இன்னாக்கா இது, ஒண்ணும் பிரியலியே என்று தலையைச் சொறிந்தான். ஹாதியா பேசாமல் அதைத் தன் பக்கம் திருப்பி வைத்து, வரி வரியாக வாசித்து, இரண்டு நிமிஷத்தில் பழையபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, ஜப்பானிய எழுத்தையும் தானே சேர்த்தாள். கட்டைகள் எல்லாம் ஆங்கிலம்தான், எஸ், ஏ என்று தட்டினால் திரையில் அவர்களுடைய ‘ஸ’ விழுகிறது, சொல் முடிந்ததும் ஸ்பேஸ் கட்டையைத் தட்டினால் அதுவே படம் போன்ற பெரிய எழுத்தாக மாறுகிறது. கட்டைகள் மேல் ஒட்ட ஸ்டிக்கர் தரட்டுமா என்று குமார் கேட்டதற்கு, வேண்டாம், விரலுக்குத் தெரியும் என்றாள். எனக்கு அந்தக் கடையிலேயே இரண்டு ரக்அத் தொழலாம் போல இருந்தது.

பிழை அதற்குப் பிறகு வந்தது. கம்ப்யூட்டர் யார் பெயரில் இருக்க வேண்டும், மெயில் ஐடி சொல்லுக்கா என்று குமார் கேட்டான். நான் பையிலிருந்து என் நோட்டை எடுத்து உன் மெயிலையும் அதன் பாஸ்வேர்டையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். நம் வீட்டில் கேஸ், கரண்ட் பில், அத்தாவின் கடை ரிட்டர்ன், எனக்கும் ஹாதியாவுக்கும் பாஸ்போர்ட், எல்லாமே உன் மெயிலில்தான். வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒரு மெயில் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொண்ணுக்குத் தனியா ஒண்ணு போட்டுக்கலாமே என்று அவன் சொல்லவும் செய்தான். எதுக்குத் தனியா, அண்ணன் ஐடி கீதே என்றவள் நான். ஹாதியா என் முகத்தைப் பார்த்தாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள், எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துத்தான் குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டேன், அந்த நோட்டே என் பெண்ணின் அறைக்குச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டது.

ஹாதியாவுக்கு ஜப்பானியம் சொல்லித்தரும் சங்கரி டீச்சரை உனக்குத் தெரியும், கல்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறார்கள், வீட்டுக்காரருக்கு அணுமின் நிலையத்தில் வேலை, ஆறு வருடம் ஜப்பானில் இருந்தவர்கள். தினமும் பத்து வரி டைப் அடித்து அனுப்ப வேண்டும், அதுவும் புத்தகத்தில் இருக்கிற வாக்கியம் கூடாது, அன்றைக்கு மனதில் உண்மையாக என்ன இருந்ததோ அதை எழுத வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். அவள் நர்ஸ் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாளே, நீகாட்டாவில் இருக்கும் அந்த முதியோர் இல்லம் வைக்கிற ஆன்லைன் தேர்வில் நாற்பது நிமிஷத்தில் கட்டுரை அடிக்க வேண்டுமாம், அதற்குத்தான் இந்தப் பழக்கம். எனக்கு அந்த மொழியின் அடிப்படை எழுத்து நாற்பத்தாறும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டேன். பொருள் தெரியாமல் அரபி ஓதிப் பழகியவள்தானே, அதுபோல இதையும் எழுத்துக் கூட்டி ஓசை எழுப்பத் தெரியும், அர்த்தம் தெரியாது. ஹாதியா எழுதும்போது மேசையைத் துடைத்திருக்கிறேன், டீ வைத்திருக்கிறேன், ஒரு நாளும் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டதில்லை. இந்த வீட்டில் அவளுக்கென்று கதவு போட்ட அறை கிடையாது. யாருக்கும் புரியாத அந்த எழுத்துதான் அவளுக்குக் கதவு என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவள் எழுதி வைத்ததெல்லாம் உன் கணக்கு வழியாக உன் போனில் வந்து நின்றதாம். முதல் நாள் அது தானாக வந்து விழுந்தது, அது உன் குற்றமில்லை. இரண்டாம் நாள் நீ திறந்ததுதான் குற்றம். ஒன்றரை மாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உன் அத்தாவிடம் நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். நான்கு வருடம் அந்த ஊர்ச் சோற்றைத் தின்றும் தங்கை எழுதிய பத்து வரியைப் படிக்க உனக்கு மொழிபெயர்க்கிற மெஷின் தேவைப்பட்டிருக்கிறது, அதையும் ஒரு வெட்கமில்லாமல் சொல்லியிருக்கிறாய். போன மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா கடையைத் திறக்கிற நேரம் பார்த்து போன் போட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாய். அத்தாவுக்குக் காது மந்தம், கடையில் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார் என்பது உனக்குத் தெரியாததா. கோயில் பார்க்க வந்தவர்கள் நம் கடைத் தொப்பியையும் கூலிங்கிளாஸையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்க, என் பெண்ணின் மனதை நீ கடைத்தெருவில் படித்தாய். கடையில் வேலை செய்யும் ஏசுபாதம் அண்ணன் மறுநாள் சாமான் கொடுக்க வந்தவர் வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “அக்கா, ஒவைசு தம்பி பேசனது நல்லால்லக்கா. நான் காதப் பொத்திகினு பின்னாடி போய்ட்டேன். ஆனா மத்தவங்க கேட்டுகினுதான் இருந்தாங்க” என்றார். அந்த மனிதருக்கு இருந்த கூச்சம் கூடப்பிறந்த உனக்கு இல்லை.

அப்படி என்ன எழுதிவிட்டாள். வேலை கிடைத்தால் இல்லத்துக்காரர்கள் தரும் விடுதியில் தங்க ஆசை, அண்ணன் வீட்டில் தங்க விருப்பமில்லை, அங்கே போனால் வேலை முடிந்து வந்தும் வேலைதான் இருக்கும் என்று எழுதினாள். அண்ணன் நல்லவன், ஆனால் கேள்வி கேட்க மாட்டான், முடிவைத்தான் சொல்லுவான் என்று எழுதினாள். இதில் எது பொய். மார்ச்சில் ஹனியாவுக்குப் பிரசவம், அதனால் நீகாட்டா வேண்டாம், நகோயாவிலேயே ஒரு வேலை பார்த்து அவளை உன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தாவும் நீயும் பேசி முடித்தீர்கள், ஹாதியாவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா. ஹனியாவே அன்று ராத்திரி எனக்கு போன் பண்ணி, மாமி, இந்த ஏற்பாடு எனக்கே தெரியாது என்று அழுதாள், பிள்ளைத்தாச்சியை அழ வைத்த பாவமும் உன் கணக்கில்தான். என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்ததாம். நான் ஜப்பானுக்குக் கிளம்பும் நாளில் அம்மா அழ மாட்டாள், பெட்டியில் துணி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பாள் என்று. அதை நீ வாசித்தபோது அத்தா சிரித்தாராம், நீயும் சிரித்தாயாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உண்மை, சுட்டது, ஆனால் அதை எப்போது என்னிடம் சொல்ல வேண்டும், சொல்லவே வேண்டாமா என்பது அவளுடைய விருப்பம். நீ யார் நடுவில்.

அன்று அத்தா வீட்டுக்கு வந்து, அண்ணன் வூடு கசக்குதா உனக்கு என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் கடை பீரோவில் பூட்டிவிட்டார். ஹாதியா அழவில்லை, சண்டை போடவில்லை. எப்படிம்மா தெரிஞ்சது என்று மட்டும் கேட்டாள். நான் வாசித்துக் கொடுத்த மெயில் ஐடிதான் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நாலு நாள் பொறுத்தேன். செவ்வாய்க்கிழமை மழை கொட்டுகிறது, கடல் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிறது, நான் குடையைப் பிடித்துக்கொண்டு கடைக்கே போனேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வியாபார நேரத்தில் நான் கடைப்படி ஏறினது அதுதான் முதல் தடவை. அத்தா மிரண்டுபோய், வூட்ல பேசிக்கலாம் போ என்றார். “வூட்டுப் பேச்ச கடைக்குக் கொண்டாந்தது நீங்களும் உங்க புள்ளையும்தான். இங்கயே முடிங்க” என்று சொல்லிவிட்டு அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாங்க வந்தவர்கள் எல்லாம் வாங்காமல் வேடிக்கை பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் பீரோ திறந்தது. ஆனால் விடுதியில் தங்குவதற்குப் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டிய பாரம் ஒன்று இல்லத்திலிருந்து வந்திருக்கிறது, அதை நீட்டியபோது பேனாவை எடுக்கவில்லை. உவைஸு சரின்னு சொல்லட்டும், போடறேன் என்றார். இருபத்து மூன்று வயதுப் பெண், நர்ஸிங் படித்தவள், தானாக ஒரு மொழி கற்றவள், அவளுடைய பிழைப்பு உன் வாயிலிருந்து விழும் ஒரு ‘சரி’யில் தொங்குகிறது. இதைத்தான் உனக்குத் தெரியப்படுத்துகிறேன்.

மறுநாள் டீச்சர் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்து, உன் கணக்கை அதிலிருந்து எப்படி எடுப்பது என்று காட்டினார்கள். எடுத்துவிட்டோம். உன் பெயர் திரையிலிருந்து போனபோது எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆனது உண்மைதான், ஆனாலும் எடுத்தோம். ஹாதியா பெயரில் புது மெயில், புது பாஸ்வேர்டு. அவள் அதை அடிக்கும்போது வழக்கம்போல நோட்டை விரித்து வைத்துக்கொண்டேன், பிறகு எனக்கே உறைத்தது, மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை உவைஸ். வியாழக்கிழமையிலிருந்து மறுபடி பத்து வரி எழுதுகிறாள். நேற்று டீச்சர் எனக்கு போன் பண்ணினார்கள். மூன்று நாளாக ஒரு பிழைகூட இல்லை, எங்கள் வீடு நல்ல வீடு, அண்ணன் நல்லவர், இன்று மழை பெய்தது, கடல் அழகாக இருந்தது என்று எழுதுகிறாள், இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், இப்படி எழுதினால் தேர்வில் ஒதுக்கிவிடுவார்கள், ஹாதியாவைக் காணோம் என்றார்கள். ஹாதியா அடுத்த அறையில்தான் இருந்தாள், கட்டையைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நீ எதைத் திருடினாய் என்று அப்போதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

நான் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர், நான் பார்க்கக் கூடாதா என்று கேட்டாயாமே. உன் கல்யாணத்துக்கு பீரோ வாங்கிக் கொடுத்தவள் நான், அதை ஒரு நாளாவது திறந்து பார்த்தேனா என்று ஹனியாவைக் கேள். அதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன், இத்தனை நாள் சொல்லவில்லை. காலேஜ் கடைசி வருடம் நீ போனை அடுப்படியில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவாய். ‘ஹனீஃப் கிரிக்கெட்’ என்று ஒரு பெயரில் ஒரே நாளில் பதினோரு தடவை அடித்தது. மழைக்காலத்தில், செமஸ்டர் பரீட்சை நேரத்தில், எந்த ஹனீஃப் இவ்வளவு கிரிக்கெட் ஆடுவான். எனக்குத் தெரியும் அது ஹனியா என்று. போன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, பூட்டுகூடக் கிடையாது. திறக்கவில்லை. அத்தாவிடமும் சொல்லவில்லை. நீயாக வந்து சொல்கிற வரைக்கும் இரண்டு வருடம் காத்திருந்தேன், சொன்ன அன்று முதல் தடவை கேட்பவள் போல உட்கார்ந்து கேட்டேன். அந்த இரண்டு வருடமும் நான் பயத்தில் கடமை நோன்புக்கு மேல் எத்தனை நபில் நோன்பு வைத்தேன் என்று நோட்டில் இருக்கிறது. உனக்குக் கிடைத்த அந்த மரியாதையில் பாதியாவது உன் தங்கைக்குக் கிடைக்க வேண்டாமா. பெண் பிள்ளை என்றால் திறந்து பார்க்கலாம் என்று யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது, நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அத்தாவைக் கூப்பிட்டு, நான் படித்தது தப்பு, ஹாதியா விடுதியில் தங்கட்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று சொல். ஆனாலும் பார்த்துக்குங்க என்று வாலில் எதையும் ஒட்டாதே. பாரம் இருபத்தைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், தேர்வு இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை. இரண்டாவது, உன் தங்கையிடம் மன்னிப்புக் கேள். போனில் வேண்டாம், உன் குரலைக் கேட்டால் அவள் பரவாயில்லண்ணா என்று சொல்லிவிடுவாள், அதில் உண்மை இருக்காது. எழுது. பத்து வரி எழுது. தமிழில் எழுதாதே, மெஷினிடம் கொடுத்து எழுதி வாங்காதே, நீயே ஒவ்வொரு எழுத்தாக உட்கார்ந்து அவள் மொழியில் அடித்து அவளுடைய புது மெயிலுக்கு அனுப்பு. மெயில் ஐடியை நான் தர மாட்டேன், அவளிடம்தான் கேட்டு வாங்க வேண்டும், தருவதும் தராததும் அவள் இஷ்டம். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்துவாள். அத்தா கையெழுத்துப் போடாவிட்டாலும் தேர்வு நிற்காது. அன்று காலையில் நானே அவளைக் கல்பாக்கத்துக்கு டீச்சர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், அங்கே கரண்ட் போகாது. கதவைச் சாத்திக்கொண்டு எழுதட்டும், நான் வெளியே தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு இருப்பேன். முடிந்ததும் என்ன எழுதினாய் என்று கேட்க மாட்டேன்.

ஹனியாவை வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை போட விடாதே, வாந்தி வரும். பனியில் வாசல் படி வழுக்கும், கனமான பையை நீயே தூக்கு. பிரசவத்துக்கு நான் வருகிறேன், விசா பேப்பரைப் பார்த்து அனுப்பு, பேத்தியோ பேரனோ அதைக் குளிப்பாட்ட எனக்குத் தெம்பு இருக்கிறது, அதற்கு இன்னொருத்தி வாழ்க்கையை வளைக்க வேண்டாம். அல்லாஹ் உனக்கு ஈமானையும் குறையாத பிழைப்பையும் நல்ல பிள்ளையையும் கொடுப்பானாக, உன் கண்ணுக்கும் ஒரு காவலைப் போடுவானாக.

ஹாதியா நீகாட்டாவுக்குப் போய்ச் சேரும் நாள் இன்ஷா அல்லாஹ் வரும். அவளைப் பார்க்க நீ ரயில் ஏறும் நாளும் வரும். ஒன்றை மறக்காதே. கதவு திறந்தே கிடந்தாலும் வாசலில் நின்று சலாம் சொல். மூன்று தடவை சொல். பதில் வந்தால் உள்ளே போ. வராவிட்டால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும், அண்ணனாகவே இருந்தாலும், கோபப்படாமல் திரும்பிப் போய்விடு.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. ராபியா